சாராய ஏலத்தை நிறுத்திய பாடம்: நெல்லூர், 1992

ஆந்திரப் பிரதேசத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1992-இல் எழுந்த சாராய எதிர்ப்புப் போராட்டம், மதுவிலக்கு வரலாற்றின் ஓர் அத்தியாயமாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அது எழுத்தறிவின் வரலாறும் ஆகும் என்ற செய்தி ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. ஆயினும் போராட்டத்தின் தன்மை அந்த ஓரிரு வரிகளில்தான் இருக்கிறது.

தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் ஒரு பகுதியாக 1990-களின் தொடக்கத்தில் அம்மாவட்டத்தில் முழு எழுத்தறிவுத் திட்டம் நடைபெற்றது. பகலில் வயல்களில் கூலி வேலை செய்த பெண்கள் இரவில் வகுப்புகளில் கூடினர். கற்போரின் அன்றாட வாழ்க்கையிலிருந்தே பாடங்கள் எடுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று 'ஆடவாள்ளு ஏகமைதே', அதாவது 'பெண்கள் ஒன்றுபட்டால்'. தூபகுண்டா என்னும் சிற்றூரில் பெண்கள் திரண்டு சாராய விற்பனையைத் தடுத்து நிறுத்திய நிகழ்வை அது கூறியது. தலைப்பு நிபந்தனையோடு நின்றுவிடுகிறது, முற்றுவினை இல்லை. ஒன்றுபட்டால் என்ன நிகழும் என்ற வினாவை வகுப்பில் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. பேச்சு விரைவிலேயே தம் ஊர்ச் சாராயக் கடையை நோக்கித் திரும்பியது. அச்சில் வந்தது அரசர்களின் கதையன்று, பக்கத்து ஊர்க் கூலிப் பெண்களின் கதை என்பது கற்போருக்கு எத்தகைய துணிவைத் தந்திருக்கும் என்பதை மொழிக்கல்வி ஆய்வுகள் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை.

அக்கடையின் பின்னால் நின்றது அரசே. 'வாருணி வாகினி' என்ற பெயரில் 1980-களில் வந்த திட்டம், பொட்டலமிட்ட மலிவுச் சாராயத்தைச் சிற்றூர்கள்வரை கொண்டு சேர்த்தது. (மதுவின் தெய்வத்தையும் ஆற்றையும் இணைத்த அப்பெயரைச் சூட்டியவருக்குச் சமஸ்கிருதப் புலமைக்குக் குறைவில்லை.) விற்பனை உரிமை ஏலத்தில் விடப்பட்டது. ஏலத்தொகையை ஈட்ட வேண்டிய ஒப்பந்ததாரர், குடிப்பவர் கடைக்கு வரும்வரை காத்திருக்கவில்லை. பொட்டலங்கள் குடியிருப்புகளைத் தேடிச் சென்றன. 1970-71-இல் ஏறத்தாழ 39 கோடி ரூபாயாக இருந்த மாநிலக் கலால் வருவாய் 1991-92-இல் 812 கோடியாக உயர்ந்தது. 1983-இல் தொடங்கிய கிலோ 2 ரூபாய் அரிசித் திட்டத்தால் குடும்பத்துக்கு மிஞ்சிய பணம், சாராயத்தின் வழியாக மீண்டும் கருவூலத்துக்கே சென்றது. எழுதப் படிக்கக் கற்பித்ததும் சாராயம் விற்றதும் ஒரே அரசு என்பது இவ்வரலாற்றின் மையமான முரண்.

இதனை உணர்ந்ததால்தான் பெண்கள் குடிகாரக் கணவர்களைத் திருத்துவதோடு நிற்கவில்லை. குடித்துவிட்டு வந்தவருக்குச் சோறு மறுக்கப்பட்டது. சில ஊர்களில் தலை மழிக்கப்பட்டது. ஆனால் போராட்டத்தின் உண்மையான இலக்கு ஏலமே. பொட்டலங்கள் ஊர் எல்லையில் மறிக்கப்பட்டன, அழிக்கப்பட்டன. நெல்லூரில் ஏலம் நடத்த இயலாமல் அதிகாரிகள் மீண்டும் மீண்டும் ஒத்திவைத்தனர். களத்தில் நின்றோரில் பெரும்பாலோர் தலித், பிற்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த கூலிப் பெண்கள். கட்சிகள் பின்னரே வந்து சேர்ந்தன.

1993 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலும், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதிலும் சாராயம் தடை செய்யப்பட்டது. முழு மதுவிலக்கு அதன் பிறகே தேர்தல் வாக்குறுதியாயிற்று. 1994 டிசம்பரில் மீண்டும் முதலமைச்சரான என்.டி.ராமராவ் 1995 ஜனவரியில் அதனை நடைமுறைப்படுத்தினார். தெருவில் பெண்கள் மேற்கொண்டிருந்த கண்காணிப்பு அத்துடன் காவல்துறையின் அலுவலாக மாறியது. அண்டை மாநிலங்களிலிருந்து கடத்தல் பெருகியது. வருவாய் இழப்பு அரசை நெருக்கியது. சந்திரபாபு நாயுடு அரசு 1997-இல் மதுவிலக்கைத் தளர்த்தியபோது நிதி நிலையே முதன்மைக் காரணமாக முன்வைக்கப்பட்டது. பெண்கள் வென்றெடுத்த சாராயத் தடை அப்போதும் நீங்கவில்லை. ஆனால் உரிமம் பெற்ற கடைகளில் அடைக்கப்பட்ட மதுப்புட்டிகள் அதே ஊர்களுக்குத் திரும்பி வந்தன; கலால் வருவாயும் அவற்றோடு திரும்பியது.