செங்கத்துப் பாட்டியைக் கணக்கெடுத்த ஐந்து ராத்திரிகள்

என் தாத்தாவின் அம்மாவுக்கு எங்க வீட்டில் "செங்கத்துப் பாட்டி" என்றுதான் பெயர். செங்கத்தில் பிறந்து திருவண்ணாமலை பே கோபுரத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவர். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் பெரியப்பா ஒண்ணு சொல்றார், அத்தை வேற ஒண்ணு சொல்றாங்க. புருஷன் பெயர், மாமனார் பெயர், அவருக்கு அப்பன் பெயர் எல்லாம் தடங்கல் இல்லாமல் வருது. பாட்டி பெயர் மட்டும் வரமாட்டேங்குது.

"சென்சஸ் ரெக்கார்டில் தேட வேண்டியதுதானே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் நூறு வருஷம் ஆனால் கணக்கெடுப்புப் படிவங்களைத் திறந்து விடுகிறார்கள். 1921 படிவங்கள் 2022 ஜனவரியில் வந்துவிட்டன. அமெரிக்காவில் 72 வருஷம்தான், 1950 கணக்கும் 2022லேயே வெளிவந்தது. அங்கே உட்கார்ந்த இடத்திலிருந்தே கொள்ளுப்பாட்டியைக் கண்டுபிடித்துவிடலாம்.

நம்ம ஊரில் கதை வேறு. அட்டவணை போட்டு முடித்ததும் வீட்டுவாரிப் படிவங்களை அழித்துவிடுவார்கள். கூட்டல் தொகை மட்டும் புத்தகமாக நிற்கும். போதாக்குறைக்கு 1948 சென்சஸ் சட்டத்தின் 15வது பிரிவு, தனிமனிதர் விவரங்களை யாரும் பார்க்க முடியாது, கோர்ட்டில் சாட்சியமாகவும் காட்ட முடியாது என்கிறது. இன்னொரு விஷயமும் உண்டு. அந்தக் காலத்தில் வீட்டுப் பெண்களின் பெயரை வெளி ஆளிடம் சொல்லத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம், "பெண்" என்று எழுதினால் போதும் என்று கணக்கெடுப்பவர்களுக்கு உத்தரவே இருந்தது. ஆக, படிவம் பிழைத்திருந்தாலும் பாட்டி பெயர் அதில் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்!

சரி, பெயர் கிடைக்காது. ஆனால் அந்தக் கணக்கில் பாட்டி இருக்கிறாரே? அதனால் வேறு வழியாகப் போய்ப் பார்த்தேன்.

வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரே தகவல், "தாது வருஷப் பஞ்சத்துக்கு மறு வருஷம் பொறந்தவ" என்பது. தாது 1876-77. அடுத்தது ஈசுவர, அதாவது 1877-78. பஞ்சம் முழுசா விடாத வருஷம். அப்போது பிறந்து பிழைத்ததே பெரிய காரியம். 1871க்கும் 1881க்கும் நடுவில் சென்னை மாகாணத்தின் ஜனத்தொகை வளரவே இல்லை, ஏறக்குறைய 3 கோடியே 12 லட்சத்திலேயே நின்றுவிட்டது. பத்து வருஷ வளர்ச்சியைப் பஞ்சம் தின்றுவிட்டது.

அந்தக் காலக் கணக்கெடுப்பு ஒரே ராத்திரியில் முடிவது. முன்கூட்டியே வீட்டுக்கு நம்பர் போட்டு விவரம் எழுதி வைத்துக்கொண்டு, குறித்த இரவில் வீடு வீடாகப் போய்ச் சரிபார்ப்பார்கள். அந்த ராத்திரிகளை வரிசையாக வைத்தால் பாட்டி கதை தெரிகிறது.

1881 பிப்ரவரி 17: செங்கத்தில் மூணு வயசுக் குழந்தை. தென் ஆற்காடு ஜில்லா, திருவண்ணாமலை தாலுகா.

1891 பிப்ரவரி 26: பதிமூணு வயசு. அத்தை சொல்லும் கணக்குப்படி கல்யாணம் ஆகிவிட்டது.

1901 மார்ச் 1: இருபத்தி மூணு. எழுதப் படிக்கத் தெரியாது. மாகாணத்தில் நூறு பெண்ணுக்கு ஒருத்திக்குக்கூட எழுத்து தெரியாத காலம்.

1911 மார்ச் 10: கையில் மூணு வயசுப் பிள்ளை, என் தாத்தா. அந்த வருஷம்தான் திருவண்ணாமலை தாலுகாவைத் தென் ஆற்காட்டிலிருந்து எடுத்து வட ஆற்காட்டில் சேர்த்தார்கள். பாட்டி தெருவை விட்டு நகராமலே ஜில்லா மாறினார் :-) (பழைய ரெக்கார்டு தேடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். 1911க்கு முந்தியது என்றால் தென் ஆற்காட்டில் தேடணும்.)

1921 மார்ச் 18: "விதவை" என்ற கட்டத்துக்கு மாறியாச்சு. 1918 விஷ ஜுரத்தில் கொள்ளுத்தாத்தா போய்விட்டார். இந்தியா முழுக்க அந்த ஜுரம் ஒரு கோடிக்கு மேல் பேரைக் கொண்டுபோனது. 1881லிருந்து எடுத்த கணக்குகளில் நாட்டின் ஜனத்தொகை முந்தைய தடவையைவிடக் குறைந்தது இந்த ஒரு தடவைதான்.

1931க்கு முன்பே பாட்டி காலமாகிவிட்டார். ஐந்து தடவை எண்ணப்பட்டார், ஒரு தடவைகூடப் பெயர் மிஞ்சவில்லை.

பெயர் கிடைத்தது பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில். 1920ல் எழுதிய ஒரு கிரயப் பத்திரத்தின் நகல். புருஷன் பெயர் போட்டு, அவர் மனைவி இன்னார், தனக்காகவும் மைனர் பிள்ளைக்குத் தாயும் கார்டியனுமாகவும் எழுதிக் கொடுத்தது என்று இருக்கிறது. கீழே இடது பெருவிரல் ரேகை. மைனர் சொத்தை விற்பதற்குச் சரியான காரணம் காட்டியாக வேண்டும். அதனால் புருஷன் வாங்கிய கடன், குடும்ப ஜீவனம் என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். பாட்டியைப் பற்றி எழுத்தில் இருக்கும் ஒரே சேதி அதுதான். பெயர்? எங்க ஊர் அம்மன் பெயர்தான். பெரியப்பா சொன்னதும் இல்லை, அத்தை சொன்னதும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். புருஷனோடு சோறும் குழம்புமாக இருந்தவரை சர்க்காருக்கு அவர் ஒரு எண். நிலத்தை இழக்கும்போதுதான் பெயர் தேவைப்பட்டது. இதே ஆற்காட்டு ஜில்லாக்களிலிருந்து ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்குக் கப்பலேறிய பெண்களும் அப்படித்தான். 1860 முதல் 1911 வரை அங்கே போன 1,52,184 பேரின் கப்பல் பட்டியல் தென்னாப்பிரிக்காவில் இன்றும் இருக்கிறது. பெயர், அப்பா பெயர், வயசு, ஜாதி, ஊர், உடம்பில் இருக்கும் தழும்பு வரைக்கும் உண்டு. ஊரோடு இருந்த அவர்களுடைய அக்கா தங்கைகளுக்கு அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. ஆளையோ நிலத்தையோ கைமாற்றும்போது மட்டும் பேனா பெண் பெயரை எழுதியிருக்கிறது.

அதனால் வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் வில்லங்கம் பார்க்க மட்டும் எடுக்காதீங்க. "மைனர் கார்டியன்", "விதவை", "சீதனம்" என்று வரும் இடங்களை நிதானமா வாசியுங்கள். பத்திரம் இல்லையென்றால் சார்பதிவாளர் ஆபீசில் பெயர்வாரிப் புத்தகம் உண்டு, நகல் கேட்டு மனு போடலாம். அதற்கும் முன்னால், வீட்டில் இருக்கும் வயசான அத்தை, பெரியம்மாக்களைக் கேட்டு எழுதி வையுங்கள்.

எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. பத்திரத்தில் பாட்டிக்குப் புருஷன் பெயர் இருக்கிறது, பெற்றவர்கள் பெயர் இல்லை. பஞ்ச வருஷத்தில் அவரைப் பெற்றுப் பிழைக்க வைத்த அந்த அம்மா யார்? அடுத்த லீவுக்குச் செங்கம் போகணும்.