விதி, விலக்கம், விலக்கு: சாராயப் பானை குறித்துச் சில சிந்தனைகள்

மேனிலைப் பள்ளி வேதியியல் பாடநூலில் 'நல்லியல்புக் கரைசல்' என்றொரு சொல் வருகிறது. ரௌல்ட் விதிக்குக் கட்டுப்பட்டு நடக்கும் கலவை நல்லியல்புக் கரைசல்; கட்டுப்படாதது 'விலக்கம்' காட்டுகிறது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு, அண்ணன் மகளோடு உட்கார்ந்து இந்தப் பாடத்தை வாசித்தபோது இரண்டு சொற்கள் உறுத்தின. ஒன்று, முழு ஒழுங்கைக் குறிக்கும் சொல்லுக்கு 'நல்' என்ற அறச்சார்பு எப்படி வந்து ஒட்டியது? மற்றது, விலக்கமும் மதுவிலக்கும் ஒரே வேரில் நிற்பது. விலகுதல் தன்வினை, விலக்குதல் பிறவினை. பொருள் தானாக விலகுகிறது, அதிகாரம் விலக்கி வைக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில்தான் சாராயத்தின் வரலாறு கிடக்கிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

1880களில் பிரெஞ்சுக்காரரான ரௌல்ட் சொன்னது எளிமையானது. கலவையிலுள்ள ஒவ்வொரு திரவமும் தன் பங்கு எவ்வளவோ அந்த அளவுக்கு ஆவி அழுத்தம் தரும். பக்கத்தில் இருப்பது யார் என்பது ஒரு பொருட்டில்லை. அதாவது, உறவுகளைக் கணக்கில் எடுக்காத ஒரு சமூகம்! இப்படி நடந்துகொள்ளும் கலவைகள் சொற்பம். உலகிலுள்ள பெரும்பான்மைக் கலவைகள் விலகுபவையே. ஆனால் சொல்லாடலில் சிறுபான்மை 'நல்லியல்பு' ஆகிவிட, பெரும்பான்மை 'விலக்கம்' ஆகிவிடுகிறது.

கயத்தாற்றுக்குக் கிழக்கே, கரிசல் காட்டு உடைமரங்களுக்குள் ஊறல் போட்ட கதையை என் பாட்டையா சொல்வார். வெல்லமும் வெள்வேலம்பட்டையும் புளித்த ஊறல் அடிப்பானையில். அதன்மேல் அடியில் துளையிட்ட இன்னொரு பானை. அதற்குள் ஒரு கலயம். எல்லாவற்றுக்கும் மேலே பச்சைத் தண்ணீர் நிரப்பிய சட்டி. ஆவி சட்டியின் அடியில் பட்டுக் குளிர்ந்து கலயத்தில் சொட்டும். "ஒரு தடவ காச்சுனாலே தீக்குச்சி காட்டுனா நீலமா எரியும்லே" என்பார்.

அந்த ஒரே தடவையில் அது எப்படி நடக்கிறது? எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு எத்தனால் உள்ள ஊறல் கொதித்தால், முதலில் எழும் ஆவியில் ஏறக்குறைய பாதி எத்தனால். ரௌல்ட் விதிப்படி கணக்குப் போட்டால் ஐந்தில் ஒரு பங்குதான் வரவேண்டும். நீர் மூலக்கூறுகள் தமக்குள் இறுகப் பிணைந்திருக்கின்றன. இடையில் வந்த எத்தனாலை அவை சேர்த்துக்கொள்வதில்லை, வெளியே நெட்டித் தள்ளுகின்றன. இதுவே நேர்விலக்கம். பாட்டையாவின் பானை விதியால் ஓடவில்லை, விலக்கத்தால் ஓடியது.

அதே விலக்கம் ஓரிடத்தில் வழியை அடைத்தும் விடுகிறது. எத்தனை முறை காய்ச்சினாலும், சாதாரண அழுத்தத்தில் எடைக்கு 95.6 சதவீதத்தைத் தாண்ட முடியாது. அங்கே திரவமும் ஆவியும் ஒரே சேர்மானத்தில் சமநிலை கொள்கின்றன, 78.2 பாகையில் இரண்டும் ஒன்றாகவே கொதிக்கும். பாடநூல் இதைக் கொதிநிலை மாறாக் கலவை என்கிறது. இத்தகைய கலவைகளை வேதியியலாளர்கள் தனிச் சேர்மங்கள் என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1860 வாக்கில் ராஸ்கோ அமிலக் கலவைகளில் அழுத்தத்தை மாற்றினார், சேர்மானமும் மாறியது. 1911இல் வேடும் மெரிமனும் எத்தனால்–நீர்க் கலவையில் அதையே காட்டினார்கள். இறுதித் தூய்மை என்று நினைத்தது, சூழல் மாறினால் மாறுகிற ஓர் ஏற்பாடு மட்டுமே.

அறிவியல் இதற்குப் பிறகு செய்தது, தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குப் பழக்கமானது. விதியில் அடங்காத வழக்குகளை வெளியே தள்ளாமல், புறனடை என்று ஒரு நூற்பா போட்டு நம் இலக்கண நூலார் அணைத்துக்கொள்வார்கள். 1895இல் மார்குலிஸ் விலக்கத்துக்குச் சமன்பாடு கண்டார். 1907இல் லூயிஸ் 'செயல்திறன்' என்ற கருத்தைக் கொண்டுவந்தார். ரௌல்ட் விதியை ஒரு குணகத்தால் பெருக்குகிறார்கள். அந்தக் குணகம், பக்கத்தில் இருப்பது யார் என்ற கேள்விக்கான விடை. இன்று எந்த வடிசாலையையும் இந்தப் புறனடை இல்லாமல் வடிவமைக்க முடியாது.

சட்டம் அப்படிச் செய்யவில்லை. கயத்தாறு என்றதும் 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதுதான் நினைவுக்கு வரும். பாளையங்கள் ஒழிந்தபின் நிலவரி, உப்பு, ஆப்காரி என்று கும்பினியின் வருவாய் விரிந்தது. 1886இன் சென்னை ஆப்காரிச் சட்டம், உரிமமில்லாத பானையைக் குற்றமாக்கியது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுக்கப் பரவியது. 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்குப் போனது. விலக்கிய கையே விற்கும் கையும் ஆனது.

இதற்கிடையில் இன்னொரு விலக்கலும் நடந்தது. தொழிற்சாலைக்கு எத்தனால் வரியில்லாமல் வேண்டும், ஆனால் யாரும் அதைக் குடித்துவிடக் கூடாது. பிரிட்டன் 1855இல் கண்ட வழி, அதில் மர நாப்தாவைக் கலந்துவிடுவது. அதிலிருப்பது மெத்தனால். ஒரே மூலக்கூறை 'குடிப்பது', 'தொழிலுக்கானது' என்று இரண்டாகப் பிரிக்க, எல்லைக்கோடாக விஷத்தையே ஊற்றினார்கள். நம் மாநிலத்தின் 1959ஆம் ஆண்டு விதிகளின் பெயரே இயல்பு மாற்றிய சாராயம், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் என்று நீளும். சாராய விதியில் வார்னிஷுக்கு என்ன வேலை? அதையும் குடித்தவர்கள் இருந்தார்கள் என்பதுதான் பதில்.

2023 மே மாதம் மரக்காணம், மதுராந்தகம் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டவர்களும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றிலும் அறுபதுக்கும் மேற்பட்டவர்களும் இறந்தார்கள். ஊறலில் தானாக விளையும் மெத்தனால் மிகச் சொற்பம். இவர்களைக் கொன்றது தொழிற்சாலைக்கு என வகுக்கப்பட்ட மெத்தனால்.

"மொதல்ல வர்றதக் கீழ ஊத்திரணும், வெசம் போயிரும்" என்று பாட்டையாவும் சொல்வார். மெத்தனால் கொதிப்பது 64.7 பாகையில், எத்தனால் 78.4இல், ஆகவே மெத்தனால் முந்திக்கொள்ளும் என்பது நல்லியல்புக் கணக்கு. நீர் மிகுந்த கலவையில் இது பொய்த்துப்போகிறது. நீர், மெத்தனாலைவிட எத்தனாலைத்தான் வேகமாக வெளியே தள்ளும். விஷம் முதலில் வந்து தீராது, வடிப்பு நெடுகிலும் இழையோடி வரும். அதைப் பிரிக்க உயர்ந்த கோபுரங்கள் வேண்டும், பானையால் முடியாது. உடம்புக்குள் அது பார்மிக் அமிலமாகிக் கண் நரம்பை அழிக்கிறது. மருத்துவமனையில் முறிமருந்தாகத் தரக்கூடியவற்றுள் எத்தனாலும் ஒன்று என்பது இந்தக் கதையின் குரூரமான அங்கதம்.

1989இல் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள், தொழிற்சாலைச் சாராயம் 'போதைதரும் மது' என்பதில் சேராது என்றார்கள். கள்ளக்குறிச்சிக்கு நான்கு மாதம் கழித்து, 2024 அக்டோபர் 23இல், ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அது சேரும் என்று திருத்தி, மாநிலங்களின் அதிகாரத்தை ஏற்றார்கள். முப்பத்தைந்து ஆண்டு நின்ற வேலி, பொருளில் இல்லை, சொல்லில் இருந்தது. இந்தத் தீர்ப்பைப் புறனடையின் தொடக்கமாகக் கொள்ளலாம். ஆனால் அது அதிகாரம் யாருக்கு என்ற கேள்விக்குத்தான் விடை சொல்கிறது. மெத்தனால் ஆலையைவிட்டுக் கிளம்பியபின் யார் பக்கத்தில் போய்ச் சேர்கிறது என்பதைக் கணக்கிடும் குணகம் நம் சட்டத்தில் இன்னும் ஏறவில்லை.

அண்ணன் மகள் நேர்விலக்கத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டாள். எத்தனாலும் நீரும் என்று எழுதச் சொன்னேன். மதிப்பெண் கிடைத்துவிடும். "ஏன் சித்தப்பா இதுக்கு நல்லியல்பு இல்லன்னு சொல்றாங்க?" என்று அவள் கேட்டதற்கு இதுவரை எழுதியதுதான் என் பதில். கருணாபுரத்தில் அதைக் கேட்பவர்களுக்கு இது போதாது.