நத்தை என்னும் ஒற்றைச் சொல்லும் ஒரு புழுவின் வரலாறும்

காரியவட்டம் வளாகத்துக்கு அருகே நான் வழக்கமாகச் செல்லும் தேநீர்க்கடை ஒன்று உண்டு. இடவப்பாதி மழை வலுத்திருந்த ஒரு காலையில், திருநெல்வேலியிலிருந்து கட்டட வேலைக்கு வந்திருந்த அண்ணாச்சி ஒருவர் பை நிறைய நத்தைகளோடு அங்கே வந்தார். மதில்களில் ஒட்டிக் கிடந்தவற்றைப் பொறுக்கியிருந்தார். "மூலத்துக்கு நல்லது தம்பி. ஊர்ல வயக்காட்டுல பொறுக்குவோம்லா" என்றார். பாலக்காட்டுக்காரரான கடைக்காரர் பையை எட்டிப் பார்த்து, "ஞவணிக்கயல்ல, ஒச்சாணு" என்று மட்டும் சொன்னார்.

மொழியியல் படித்தவனுக்கு அந்த ஒற்றை வரி போதுமானதாக இருந்தது. மலையாளத்தில் பல இடங்களில் வயலிலும் குளத்திலும் வாழ்ந்து உணவாவது ஞவணிக்க. தரையில் ஊர்வது ஒச்சு. தமிழிலோ இரண்டும் நத்தைதான். தொல்காப்பிய மரபியல் ஈரறிவுயிராக வைக்கும் 'நந்து' என்னும் பழஞ்சொல் சங்கையும் நத்தையையும் சேர்த்தே குறித்தது. வயல் நத்தைக்கு நம் ஊர்களில் இருக்கும் மருத்துவப் புகழ், பெயர் ஒன்றாக இருப்பதாலேயே, நேற்று வந்த வேறொரு பிராணிக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதே அன்று எனக்குத் தோன்றிய கருதுகோள்.

பையில் இருந்தது ஆப்பிரிக்கப் பெருநத்தை, அகாட்டினா ஃபுலிகா. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையைச் சேர்ந்த இது மடகாஸ்கர் வழியாக மொரீசியஸ் தீவை அடைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலரும் மெல்லுடலி ஆர்வலருமான வில்லியம் பென்சன் 1847-இல் அங்கிருந்து சிலவற்றைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவை சௌரங்கித் தோட்டமொன்றில் விடப்பட்டன. 1900-ஐ ஒட்டி இலங்கையிலும் பின்னர் மலாயாவிலும் பரவின. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜப்பானியர் பசிபிக் தீவுகளுக்கு உணவாகவே எடுத்துச் சென்றனர். கேரளத்தில் 1950-களின் நடுவில் பாலக்காட்டில் ஆய்வுக்கென்று வந்தவையே தொடக்கம் என்று பரவலாகச் சொல்வர். கடைக்காரருக்கு அந்த உருவம் அத்தனை பழக்கமாக இருந்ததில் வியப்பில்லை.

பென்சனைக் குறை சொல்வது எளிது, நியாயமன்று. அவர் காலத்தில் அந்தப் புழுவை எவரும் அறிந்திருக்கவில்லை. எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1935-இல், கான்டன் நகரத்து எலிகளின் நுரையீரலில் சென் என்னும் சீன அறிஞர் அதைக் கண்டு விவரித்தார். ஆங்கியோஸ்ட்ராங்கிலஸ் கான்டோனென்சிஸ் என்ற பெயரில் அந்நகரம் இன்றும் நிற்கிறது. எலியின் நுரையீரல் தமனியில் முதிர்புழு வாழும். இளம்புழு எலியின் எச்சத்தோடு வெளிவரும். அதைத் தின்னும் நத்தையின் உடலில் அடுத்த நிலைக்கு வளரும். அந்த நத்தையை எலி தின்றால் மூளை வழியாகச் சென்று மீண்டும் நுரையீரலை அடையும். மனித உடலில் இந்தச் சுற்று நிறைவுறுவதில்லை. பெரும்பாலும் மூளையிலும் தண்டுவட உறைகளிலும் புழு சிக்கி மடிகிறது. அங்கே இயோசினோஃபில் அணுக்கள் திரண்டு மூளையுறை அழற்சி உண்டாகிறது. கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். பலர் தாமாகவே தேறிவிடுகின்றனர், சிலர் தேறுவதில்லை.

1960-களில் ஹவாயில் லியோன் ரோசனும் ஜோசப் அலிகாட்டாவும் நோயையும் புழுவையும் இணைத்தபோது, பெருநத்தையே ஆப்பிரிக்கத் தீவுகளிலிருந்து கிழக்கே புழுவைச் சுமந்து வந்தது என்று அலிகாட்டா வாதிட்டார். கேட்பதற்கு அழகான கதை. ஆனால் பெருநத்தை இல்லாத தீவுகளிலும் புழு இருந்தது. புழுவின் தாயகம் ஆசியா என்றும், கப்பல் எலிகளே அதைப் பரப்பின என்றும் இன்று பலரும் கருதுகின்றனர். பெருநத்தை அதற்கு வாய்ப்பான, எண்ணிக்கையில் மிகுந்த இருப்பிடமாக அமைந்தது, அவ்வளவே.

என் கருதுகோள் சரிந்ததும் இந்த இடத்தில்தான். வடகிழக்குத் தாய்லாந்தில் இந்நோய்க்குக் காரணம் பச்சையாக உண்ணப்படும் நன்னீர் நத்தை. அது நம் வயல் நத்தையின் நெருங்கிய உறவு. 2006-இல் பெய்ஜிங்கில் 160 பேர் நோயுற்றது உணவகத்தில் பரிமாறப்பட்ட, சரியாக வேகாத நன்னீர் நத்தையால். அதே ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து வெளியான ஒரு மருத்துவக் கட்டுரையின் நோயாளிகளில் சிலர் உண்டதோ உடும்பின் பச்சை இறைச்சி. நத்தையைத் தின்ற உடும்பு, தவளை, நன்னீர் இறால் ஆகியவற்றின் உடலிலும் இளம்புழு காத்திருக்கும். மலையாளம் பிரிப்பதைத் தமிழ் பிரிக்கவில்லை என்று நான் குறைபட்டேன்; புழுவும் அவற்றைப் பிரிப்பதில்லை. அதற்குத் தடை வேக்காடு ஒன்றே. நன்கு கொதித்தால் இளம்புழு மடியும். ஆனால் வெறுங்கையால் நத்தையை எடுத்த பின் வாயில் விரல் வைக்கும் குழந்தைக்கும், நத்தை ஊர்ந்த கீரையைச் சரியாகக் கழுவாமல் பச்சையாக உண்பவருக்கும் அடுப்பு உதவாது.

இதையெல்லாம் அன்று அண்ணாச்சியிடம் சொல்லும் அளவுக்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை. "இது வேற சாதி அண்ணாச்சி, வெளிநாட்டுது, வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "நத்தை நத்தைதானே" என்றார். பையைச் சாலையோரம் கவிழ்க்கப் போனவரைக் கடைக்காரர் தடுத்து, பின்கட்டிலிருந்து உப்பு வாளியை எடுத்து வந்தார். பிறகு கை கழுவச் சோப்பும் கொடுத்தார்.