மொகஞ்சதாரோ மக்கள் வீடு பேணிய முறை

'வீட்டைக் கட்டிப் பார். கல்யாணம் பண்ணிப் பார்' என்பது நம் முன்னோர் மொழி. கட்டும் வேலை சில திங்களில் முடிந்துவிடும். பேணும் வேலையோ வீடு உள்ளளவும் தொடரும். இவ்வுண்மையை ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து ஒழுகியவர் சிந்துவெளி மக்கள். சொந்த வீடு தேடிக்கொண்ட நம் காலனி அன்பர்க்கு அவர்தம் வரலாறு பெரிதும் பயன்படும்.

இன்று பாக்கிஸ்தானின் சிந்து மாகாணத்தில் உள்ள மொகஞ்சதாரோவில் 1922-இல் ராக்கல்தாஸ் பானர்ஜி அகழ்வு தொடங்கினார். 1924-இல் ஸர் ஜான் மார்ஷல் அந்நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தார். ஏறத்தாழ கி.மு. 2500 முதல் கி.மு. 1900 வரை அந்நகரம் வாழ்ந்தது. சுட்ட செங்கல்லாயினும், பழுது பாராத வீடு அத்தனை காலம் நிற்குமோ? ஆகவே அம்மக்கள் பழைய சுவரின் அடிப்பகுதியையே கடைகாலாகக் கொண்டு அதன்மேல் புதுச்சுவர் எழுப்பினர். வேண்டாத வாயில்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். செங்கல்லின் கனமும் அகலமும் நீளமும் 1:2:4 என்ற விகிதத்தில் அமைந்தமையால் பழையதோடு புதியது இசைந்தது. தலைமுறைகள் பல கழிந்தும் பெருந்தெருக்களின் போக்கு பெரும்பாலும் மாறவில்லை.

இதனினும் வியத்தற்குரியது தண்ணீர் பற்றிய அவர்தம் கவனம். நகரில் சுமார் 700 கிணறுகள் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. தரைமட்டம் உயர உயரக் கிணற்றின் சுவரையும் உயர்த்தினர். சுற்றியிருந்த மண்ணை அகழ்ந்து நீக்கியதால் அக்கிணறுகளிற் சில இன்று கோபுரங்கள்போல் நிமிர்ந்து நிற்கின்றன. தெருச் சாக்கடைகளைச் செங்கல்லாலும் கல்லாலும் மூடினர். மூடியைப் பெயர்த்துத் தூர் வாரவும் வழி வைத்தனர்.

பிற்காலத்தில் இவ்வொழுங்கு குலைந்தது. பெரிய வீடுகளைத் தடுத்துச் சிற்றறைகள் ஆக்கினர். முன்பு ஊருக்குப் பொதுவாயிருந்த தெருவிலும் குயவர் சூளை எழுந்தது. சாக்கடைகள் கவனிப்பாரற்றுப் போயின. நகரம் கைவிடப்பட்டதற்கு ஆற்றின் போக்கு மாறியமை, பருவமழை குன்றியமை எனப் பல காரணங்கள் கூறுவர். சாக்கடையைப் பேணாமை ஒன்றே காரணம் என்றல் மிகை. எனினும், ஊரின் தளர்ச்சி வீட்டிலும் தெருவிலும் வெளிப்படையாகத் தெரிந்தது.

பேணும் வேலை இன்றும் அங்கு ஓயவில்லை. நிலத்தடி நீரோடு ஏறும் உப்பு அப்பழஞ்சுவர்களை அரிக்கின்றது. 2022-ஆம் ஆண்டுப் பெருமழையில் பல சுவர்கள் சேதமுற்றன.

அன்பர்களே! வீட்டில் மராமத்து செய்யக் கருதுவோர் இவ்வரலாற்றினின்று பெறும் பாடம் தெளிவானது. முதலில் நீர் வரும் வழியையும் போகும் வழியையும் பார்த்தல் வேண்டும். அடுத்து ஓதம் ஏறும் சுவரையும் ஒழுகும் கூரையையும் செப்பனிடல் வேண்டும். வர்ணமும் அலங்காரமும் இறுதியில் வரத்தக்கவை. அறையொன்று கூட்டுவோர் அண்டை வீட்டின் காற்றையும் தெருவின் அகலத்தையும் குறைத்தலாகாது. நம் வீட்டுக் கழிவுநீர் ஊர்ச் சாக்கடையிற்றான் கலக்கின்றது. அது அடைபட்டால் எத்துணை அழகிய வீடும் நிலைக்காது. வீடு நமக்கே உரியதாயினும் அதன் நலம் தெருவோடு பிணைந்தது. ஆதலின் வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும்போதே பராமரிப்புக்கென ஒரு பகுதியை ஒதுக்குவோம். தெருவின் பொதுவேலைக்கும் நம் பங்கை மனமுவந்து கொடுப்போம்.