கண்ணாடித் தாள்கள்

கம்ப்யூட்டரில் படம் வரையப் பழகுகிறவர் முதலில் திகைத்து நிற்கும் இடம் 'லேயர்'. அடுக்கு என்று சொல்லலாம். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் என்று நினைத்துக்கொண்டால் போதும். வானம் ஒரு தாளில், மரம் ஒரு தாளில், மரத்தடி மனிதன் இன்னொன்றில்; மேலிருந்து பார்த்தால் ஒரே படம்.

நானும் அண்மையில் இதைக் கற்க உட்கார்ந்தேன். பார்த்தால், வித்தை பழையதுதான்! 1914இல் வின்ஸர் மக்கே என்ற அமெரிக்கர் 'கெர்ட்டி' என்னும் டைனோசாரைத் திரையில் நடமாடவிட்டார். அதற்காக ஆயிரக்கணக்கான தாள்களிலும் பின்னணிப் பாறைகளை ஓர் உதவியாளர் திரும்பத் திரும்ப வரைந்தார். அதே ஆண்டு இறுதியில் ஏர்ல் ஹர்ட் என்பவர், நகரும் உருவத்தை மட்டும் செல்லுலாயிட் தாளில் வரைந்து, ஒரே பின்னணியின்மேல் வைத்துப் படம்பிடிக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டார். உதவியாளரின் கை பிழைத்தது.

போட்டோஷாப் 1990இல் வந்தபோது அதில் அடுக்குகள் இல்லை. 1994இல், மூன்றாம் பதிப்பில்தான் வந்தன. வரைந்ததைப் பல படிகள் பின்வாங்கித் திருத்தும் வசதியோ 1998இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் ஓவியனுக்குத் தைரியம் தந்தவை இந்த அடுக்குகளே. மனிதன் கோணினால் அவனை மட்டும் அழிக்கலாம், வானத்துக்குச் சேதமில்லை.

ஆனால், எல்லாவற்றையும் ஒன்றாக்கிச் சேமித்து மூடிவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை. ஆகவே, அடுக்குகள் கலையாத பிரதி ஒன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்துவைப்பது புண்ணியம் என்பார்கள். இந்தத் தொழிலில் மட்டும் பிரித்துவைத்தவனுக்கே நிம்மதி!