வானொலியும் வெளிமாநிலத் தமிழரும்

வானொலியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒலிபரப்பியவர்களின் வரலாற்றையே எழுதுகிறார்கள். நிலையம் எப்போது தொடங்கிற்று, அதன் வலிமை எவ்வளவு, அங்கே பாடியவர் யார் என்பனவற்றுக்கு ஏடுகளில் இடமுண்டு. கேட்டவர்களின் வரலாறு அவ்வளவாக எழுதப்படவில்லை. அதிலும், பிழைப்பின் பொருட்டு மொழியெல்லையைக் கடந்து சென்று, அங்கிருந்தபடியே தாய்மொழி ஒலிபரப்பைத் தேடிக் கேட்ட தமிழர்களை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. பெங்களூரை அடுத்த வைட்ஃபீல்டில் இன்று கணிப்பொறியின் வழியே திருச்சி நிலையத்தைக் கட்டணமின்றிக் கேட்கும் தமிழர், அந்த நீண்ட வரிசையின் கடைசியில் வந்து நிற்பவர். அவருக்குக் கிடைத்திருக்கும் வசதியின் அருமை, அவருக்கு முன்னே கேட்டவர்கள் பட்ட பாட்டை அறிந்தால்தான் விளங்கும்.

வைட்ஃபீல்டே குடியேறியவர்களுக்காக உண்டான ஊர். 1882-ஆம் ஆண்டில் மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார் ஆங்கிலோ இந்தியர் சங்கத்துக்கு ஏறத்தாழ 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். அச்சங்கத்தின் தலைவராக விளங்கிய டி. எஸ். வைட் என்பவரின் பெயரே ஊருக்கு நிலைத்தது. சென்னையையும் பெங்களூரையும் இணைத்து 1864-இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதை இவ்வூர் வழியாகவே செல்கிறது. தமிழ்த் தொழிலாளர் மிகுந்திருந்த கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. அவ்வூர் மக்கள் பலர் நாள்தோறும் புகைவண்டியேறி இப்பக்கம் வேலைக்கு வந்து போகலாயினர். 1990-களில் இந்திய, சிங்கப்பூர் கூட்டுமுயற்சியால் இங்கே தொழில்நுட்பப் பூங்கா எழுந்தபோது கணிப்பொறித் துறைத் தமிழரும் வந்து சேர்ந்தனர். கட்டடம் கட்டுவோரும், கடை வைத்திருப்போரும், காவல் புரிவோரும் உடன் வந்தனர்.

இனி வானொலிக்கு வருவோம். தமிழகத்தில் ஒலிபரப்பைத் தொடங்கியது சர்க்கார் அன்று. ஆர்வலர் குழு ஒன்றே. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று அமைத்த சென்னை மாகாண ரேடியோ சங்கம் 1924-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் முடையால் 1927-இல் அது ஓய்ந்தது. 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்திற்று. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ஆம் நாளும், திருச்சி நிலையம் 1939 மே 16-ஆம் நாளும் தொடங்கப்பெற்றன. இதற்கிடையே மைசூரில் எம். வி. கோபாலசுவாமி என்னும் உளவியல் பேராசிரியர், 1935-இல் தம் இல்லத்திலேயே ஒரு சிறு நிலையத்தை நிறுவி அதற்கு ‘ஆகாசவாணி’ என்று பெயரிட்டார். பிற்காலத்தில் நாடு முழுவதற்குமான ஒலிபரப்பு அந்தப் பெயரையே மேற்கொண்டது.

ஒலிபரப்பு நிலையம் ஒன்றை அமைக்கும்போது பொறியியலார் தேசப்படத்தில் ஒரு வட்டம் வரைவார்கள். இன்ன தூரம் வரை ஒலி தெளிவாகச் சேரும் என்பது அதன் பொருள். நிகழ்ச்சிகளும் அந்த வட்டத்துக்குள் வாழ்பவரை எண்ணியே அமைக்கப்பெறும். திருச்சியின் வட்டத்துக்குள் காவிரிக்கரை உழவர் இருந்தார். பெங்களூரில் வேலை பார்த்த அவர் தம்பி இல்லை. தம்பியும் கேட்டார் என்பது உண்மை. ஆயினும் அவர் அழையாமல் வந்த நேயர்.

அவர் எப்படிக் கேட்டார்? மத்திய அலையின் இயல்பு அவருக்குக் கைகொடுத்தது. பகலில் வானத்தின் மேலடுக்குகளுள் ஒன்று இவ்வலைகளை உறிஞ்சிவிடும். கதிரவன் மறைந்தபின் அவ்வடுக்கு மெலிந்துபோக, அதற்கும் மேலுள்ள அடுக்கு அலைகளைத் தொலைவில் உள்ள நிலத்தின்மீது திருப்பி அனுப்பும். ஆகவே, பகலில் கேட்காத தமிழ் இரவில் கேட்டது. அதுவும் நிலையாக இராது. குரல் உயரும், தாழும், பக்கத்து அலைவரிசை வந்து மோதும். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பும் 1950-களில் தென்னாடெங்கும் பரவிற்று. திரைப்பாடலை நாடியவர்கள் அதன் பக்கம் சாய்ந்த பின்னரே, 1957-இல் விவித பாரதி பிறந்தது.

அக்காலத்தில் கேட்பதற்கும் கட்டணம் உண்டு என்பதை இளைஞர்கள் அறியமாட்டார்கள். வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் உரிமம் பெறவேண்டும். ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் செலுத்தி அதைப் புதுப்பிக்கவேண்டும். 1980-களில்தான் அம்முறை நீங்கிற்று. ஆனால், உரிமம் நீங்கிய பின் வேறோர் இடையூறு வளர்ந்தது. இரும்புக் கம்பிகள் செறிந்த அடுக்குமாடிகள் அலையை உள்ளே விடாமல் தடுத்தன. கணிப்பொறியும், மின்னணு விளக்கும், மின்னூட்டும் கருவிகளும் மத்திய அலையில் இரைச்சலை நிரப்பின. வைட்ஃபீல்டு போன்ற ஊரில், மாடிவீட்டுக்குள் ஒரு பெட்டியை வைத்துத் தொலைநிலையத்தைத் தேடினால் பெரும்பாலும் இரைச்சலே மிஞ்சும்.

இவ்விடத்தில்தான் இணையம் வருகிறது. 1993-இல் கார்ல் மலமூத் என்னும் அமெரிக்கர், வானொலிப் பேச்சுகளைக் கோப்புகளாக்கி இணையத்தில் அனுப்பத் தொடங்கினார். 1994 நவம்பரில் வடக்கு கரோலினாவின் ஒரு மாணவர் வானொலி தன் ஒலிபரப்பையே இணையத்தில் விட்டது. 1995-இல் வந்த ரியல் ஆடியோ என்னும் மென்பொருள், கோப்பு முழுவதும் வந்துசேரக் காத்திராமல், வரவரக் கேட்கும் வழியைப் பரவலாக்கிற்று. அதே ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்துவிட்டது. அன்று தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தை எட்டவேண்டும், மணிக்கணக்கில் செலவாகும், ஒலியும் மெலிந்து அறுபட்டு வரும். அகலக்கம்பியும் கைப்பேசி இணையமும் பரவிய பின்னரே கேட்பது எளிதாயிற்று.

இது நிகழும் முறையும் அறியத்தக்கது. நிலையத்தில் பேசுவோரின் குரல் எண்களாக மாற்றப்பட்டு, சுருக்கப்பட்டு, சிறுசிறு பொட்டலங்களாக அனுப்பப்படுகிறது. நம் கணிப்பொறி சில நொடிகளுக்கான பொட்டலங்களைச் சேமித்துவைத்துக்கொண்டே ஒலிக்கத் தொடங்கும். இடையில் தடை நேர்ந்தாலும் பேச்சு அறாமலிருப்பதற்கே இந்தச் சேமிப்பு. அதனால் ஒலி சற்றுப் பிந்தியே வரும். இணையத்தில் வரும் நேர அறிவிப்பைக் கேட்டு நாம் கடிகாரத்தைத் திருத்தலாகாது.

இது உண்மையில் இலவசந்தானா? நொடிக்கு 64 கிலோபிட் அளவில் வரும் ஒலியை ஒரு மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 29 மெகாபைட் செலவாகும். அதை நாம் இணைப்புக் கட்டணத்தில் செலுத்துகிறோம். நிலையத்தின் பக்கமும் ஒரு கணக்குண்டு. வானலைக்கு நேயர் பத்துப்பேரானாலும் பத்து லட்சம்பேரானாலும் செலவு ஒன்றே. இணையத்திலோ ஒவ்வொரு நேயருக்கும் தனித்தனி இழை செல்கிறது. ஆயிரம்பேர் கேட்டால் ஆயிரம் மடங்கு. நாம் இலவசமாகக் கேட்பதற்குப் பின்னே பொதுப்பணமோ விளம்பரப் பணமோ இருந்தே தீரும்.

ஆனால், இச்செலவிலேயே ஒரு நன்மை அடங்கியிருக்கிறது. தனி இழை செல்வதால், எத்தனைபேர் கேட்கிறார்கள் என்பதை நிலையம் எண்ணிக் காணமுடியும். வானலைக் காலத்தில், கடிதம் எழுதினாலொழிய பெங்களூர் நேயர் இருப்பதே திருச்சிக்குத் தெரியாது. இன்று அவர் பெட்டியைத் திறந்தவுடனே கணக்கில் சேர்கிறார். பிரசார் பாரதியின் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியில் இருநூற்றுக்கு மேற்பட்ட ஒலிபரப்புகள் கிடைக்கின்றன. மொழியெல்லைக்கு வெளியே வாழும் தமிழர் அழையா நேயராக இருந்த காலம் இவ்வாறு முடிந்தது.

எனினும், கிடைத்தது என்றும் நிலைக்கும் என்று நாம் இருந்துவிடக் கூடாது. 1941-இல் தொடங்கிய பி.பி.சி. தமிழ் வானொலி, உலகெங்கும் தமிழர் விரும்பிக் கேட்ட ‘தமிழோசை’யாக வளர்ந்து, 2017 ஏப்ரல் 30-ஆம் நாளோடு ஓய்ந்தது. அந்நிறுவனத்தின் தமிழ்ப்பணி இணையத்தில் தொடர்ந்தது. ஆயினும் இரவுதோறும் ஒலித்த அக்குரல் நின்றுபோயிற்று. பழகிய நிகழ்ச்சியும் மூடப்படலாம் என்பதற்கு அது சான்று.

ஆகவே, வெளிமாநிலத் தமிழர்க்குக் கடமைகள் சில உண்டு. கேட்கவேண்டும், கேட்டதைப் பற்றி நிலையத்துக்கு எழுதவேண்டும், இரவுப்பணி முடிந்து காலையில் உறங்குவோர்க்கும், பள்ளியில் தமிழ் பயிலாத பிள்ளைகளுக்கும் ஏற்ற நிகழ்ச்சிகளைக் கேட்டுப் பெறவேண்டும். மகனோடு வந்து தங்கியிருக்கும் தாய்க்கு முன்பெல்லாம் ஒரு திருகாணியைத் திருகினால் போதும். இன்றோ ஆங்கில எழுத்துகளைத் தாண்டித்தான் தமிழை அடையவேண்டியிருக்கிறது. அவருக்குக் கணிப்பொறியில் நிலையத்தை எடுத்து வைத்துக் கொடுப்பது மகனுக்கு ஐந்து நிமிட வேலை. தாய்க்கோ அது பகல்முழுதும் துணை.