பந்தற்காலுக்கு ஒரு குழி

சென்னைக்கு அருகிலுள்ள வேப்பம்பட்டிலோ அதை அடுத்திருக்கும் திருநின்றவூரிலோ இன்று கல்யாண வீட்டுக்கு முகூர்த்தக்கால் நட வேண்டுமென்றால், பல வாசல்களில் முதலில் மணல் நிரப்பிய வாளியைத் தேட வேண்டியிருக்கிறது. வாசலில் சிமென்ட் தளம்; அதைத் தாண்டினால் சிமென்ட் சாலை. மாவிலை கட்டி மஞ்சள் குங்குமம் வைத்த மூங்கில் கழியை, நவதானியமும் பாலும் விட்டு ஊன்றுகிற குழி வாளிக்குள் வந்துவிட்டது. சடங்குக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சடங்கு எந்த வேலையின் தொடக்கமாக இருந்ததோ, தரையைப் பார்த்துக் காலை ஆழ ஊன்றுகிற அந்த வேலை நம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. கீற்றுக்குப் பதில் துணி வந்ததையும் சவுக்குக்குப் பதில் இரும்பு வந்ததையும்விடப் பந்தல் தொழிலில் நேர்ந்த பெரிய மாற்றம், காலுக்கு அடியில் மண் இல்லாமல் போனது. அதை நாம் இன்னும் மாற்றமாகவே கருதவில்லை என்பதுதான் கவலைக்குரியது.

தமிழர் வாழ்வில் பந்தல் எவ்வளவு பழையது என்பதற்கு அகநானூற்றின் 86-ஆம் பாட்டு சாட்சி. அங்கே வரும் திருமண வீட்டில் வரிசையாகக் கால்கள் நிற்கும் பெரிய பந்தலும், கொண்டுவந்து பரப்பிய மணலும் இருக்கின்றன. பூம்புகாரின் சிறப்புகளில் ஒன்றாக வச்சிர நாட்டு மன்னன் கொடுத்த கொற்றப் பந்தரைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. காலமும் பொருளும் மாறினாலும் செய்முறை நீடித்தது. கடப்பாரையால் குழி தோண்டி, காலை இறக்கி, மண்ணைத் தள்ளி இடித்து இறுக்கினால் கால் அசையாது. குழியைச் சுற்றியுள்ள மண்ணின் பிடிப்புதான் பந்தலின் அஸ்திவாரம். அந்தக் கால்களாக இங்கே சவுக்கு வந்து சேர்ந்ததில் ரயிலுக்கும் பங்குண்டு. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை வேப்பம்பட்டு வழியாகத்தான் போகிறது. அக்காலத்து எஞ்சின்களுக்கு விறகு தேவைப்பட்டதால், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னையைச் சுற்றிய மணற்பகுதிகளில் சவுக்குத் தோப்புகள் பெருகின. எஞ்சினுக்கென வளர்த்த மரத்தின் நேரான கழி, சாரத்துக்கும் பந்தலுக்கும் உகந்ததாயிற்று.

பந்தலோடு கூடாரத்தையும் வைத்துப் பார்த்தால் சிக்கல் தெளிவாகும். பந்தல் நிற்பது புதைந்த காலால். கூடாரம் நிற்பதோ இழுத்துக் கட்டிய கயிற்றாலும், சாய்வாக அடித்த முளையாலும். பாரசீகப் பெயரோடு வந்த சாமியானா கூடாரத்தின் வழியைச் சேர்ந்தது: அதன் கால்கள் தரைமேல் வெறுமனே நிற்கின்றன, முளையில் கட்டிய கயிறுதான் அவற்றைப் பிடித்து வைக்கிறது. மண்தரையில் இரண்டு வழிகளும் சரிதான். கெட்டித்தரையில் குழியும் இல்லை, முளையும் இல்லை. அதனால் கயிறு மின்கம்பத்தையும் ஜன்னல் கம்பியையும் தேடிப் போகிறது. கால் எண்ணெய் டின்னுக்குள் போய் நிற்கிறது.

அந்த டின் எவ்வளவு தாங்கும்? 15 லிட்டர் டின்னில் மணலை நிரப்பினால் சுமார் 24 கிலோ. நான்கு கால்களுக்கும் சேர்த்து நூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 6 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் தரும். பதினைந்துக்குப் பதினைந்து அடித் துணியின் பரப்பு சுமார் 21 சதுர மீட்டர். காற்று அடியில் புகுந்து முழு வேகத்தோடு தூக்கினால் 125 கிலோவை எதிர்த்து நிற்க வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சுமை நான்கு மடங்காகி 500 கிலோவைத் தொடும்.

இரண்டு நாள் பந்தலுக்கு இவ்வளவு கணக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்த இரண்டு நாள் எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பது ஆடியில். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று பெரியவர்கள் சொன்னது அந்த மாதத்தைத்தான். கல்யாணங்கள் நிறைந்த வைகாசியில் மாலை நேரத்து இடிமழை முன்னறிவிப்பில்லாமல் சூறையோடு வரும். இரும்புக் குழாய் சவுக்கைவிட உறுதியானது என்பது இன்னொரு வாதம். உண்மைதான், பல கால்களைக் குறுக்குக் குழாய்களால் ஒரே சட்டமாக இணைத்தால் சுமை பகிர்ந்து போகும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் உடையாத கால் வேறு, பெயராத கால் வேறு. உறுதியான சட்டம் மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தால் ஆபத்து கூடத்தான் செய்யும்.

விபத்து வந்த பிறகே பாடம் கற்பது நம் வழக்கமாகிவிட்டது. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்ட கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கீற்றுக் கூரையைப் பற்றி நாடே அப்போது யோசித்தது. கூரைக்குக் கிடைத்த அந்தக் கவனம் காலுக்கும் கிடைக்க இன்னொரு துயரம் வேண்டியதில்லை.

சாலையைத் தோண்டினால் சாலை கெடும், அடியில் போகும் குடிநீர்க் குழாயும் மின்கேபிளும் சேதமாகும் என்பது மறுக்க முடியாத ஆட்சேபம். அதனால் பழையபடி கடப்பாரையை எடுக்கச் சொல்லவில்லை. கெட்டித்தரையில் கால் ஊன்றும் சிக்கல் முன்னோருக்கும் இருந்தது. ஹம்பியில் அரசரின் நூறுகால் மண்டபத்து மரத்தூண்கள் அழிந்துவிட்டன. அவற்றைத் தாங்கிய கல்குழிகள் இன்றும் தளத்தில் தெரிகின்றன. அது நிலையான மண்டபம்தான். ஆனாலும் தளம் போடும்போதே காலுக்கு இடம் விட்ட யோசனை நமக்கும் பொருந்தும். கைப்பந்துத் திடல்களில் வலைக்கம்பத்துக்கு இரும்புக் குழாயைப் புதைத்து மூடி போட்டு வைக்கிறோமே, அதையே கோயில் வாசலிலும் சமுதாயக் கூடத்திலும் அடுக்ககத்தின் பொது இடத்திலும் செய்யலாம். புதிதாகத் தளம் போடும் இடத்தில் அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

சடங்கைத் தொழில்நுட்பமாகப் படிப்பது சரியா என்று கேட்பவர்களுக்கும் மதிப்போடு பதில் உண்டு. நாள் பார்த்து முகூர்த்தக்கால் நடுவது மங்கலத்துக்காகத்தான். அந்த மங்கலம் வெளிப்பட்ட விதத்தைக் கவனிக்க வேண்டும்: கூரையை விட்டுக் காலுக்குத்தான் முதல் பூசை, பாலும் தானியமும் போனது மண்ணுக்குள். பந்தலில் எது முதலில் உறுதியாக வேண்டும் என்பதை அந்த வரிசையே சொல்கிறது. வேப்பம்பட்டின் ஒரு வாசலில் சிமென்ட் கலவை ஊற்றும் நாளில் ஓரத்தில் ஒரு குழிக்கு இடம் விட்டால், அடுத்த கல்யாணத்தில் முகூர்த்தக்காலுக்கு வாளி தேட வேண்டாம். அந்தக் கால் பந்தலையும் தாங்கும்.